எண்பத்தேழு நாள் பேரரசர்

மார்ச் 3, திங்கள்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி நாணய அறைக் கதவைத் திறப்பதற்குள் முழங்கால் தன் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்துவிட்டது. இன்னும் நான்கு மாதம். ஜூன் முப்பதுக்குப் பிறகு இந்த அருங்காட்சியகத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சத்தமில்லாமல் ஓய்வு பெறலாம் என்று பார்த்தால் கட்டடத்தையே மாற்றுகிறார்கள். நகரத்துக்கு வெளியே புதுக் கட்டடம் தயாராகிவிட்டது. என் அறையில் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு ரோமானியப் பொற்காசுகளும் அங்கே போக வேண்டும். போகுமுன் ஒவ்வொன்றையும் எடை போட வேண்டும் என்று உத்தரவு. ஆண்டுதோறும் நான் செய்யும் சரிபார்ப்பு போதாதாம்.

என் சரிபார்ப்பு இதுதான்: இழுப்பறையைத் திறப்பேன். பச்சைத் துணி ஒட்டிய தட்டு. தட்டில் வட்டக் குழிகள். குழிக்கு ஒரு காசு, காசுக்கு அடியில் அதன் விவரம் எழுதிய சீட்டு. குழி காலியாக இல்லையென்றால் பதிவேட்டில் ஒரு டிக். காசைத் தொடுவதில்லை. வேலையில் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. தங்கம் மிருது, விரல் பட்டால் தேயும், பார், தொடாதே. முப்பத்தொரு வருடம் தொடாமல் காப்பாற்றியிருக்கிறேன்.

வீட்டுக்காரருக்கு இன்று கைப் பயிற்சி. வலது கை கொஞ்சம் மேலே எழும்புகிறது என்றார் பயிற்சியாளர். பக்கவாதம் வந்து ஒன்பது வருடம். ஒன்பது வருடமாக இந்தக் ‘கொஞ்சம்’தான்.

மார்ச் 5, புதன்

எடை போடுவது தொடங்கியது. வேதியியல் கூடத்திலிருந்து கண்ணாடிக் கூண்டு வைத்த தராசை வாங்கி வந்திருக்கிறோம். யாராவது தும்மினால்கூட எண் மாறுகிறது. இயக்குநர் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனார். தணிக்கை அதிகாரி மட்டும் பசை போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறார். தடிக் கண்ணாடி, சிறிய கையெழுத்து, எதையும் இரண்டு தரம் கேட்கிற சுபாவம்.

நான் இடுக்கியால் எடுத்து வைக்கிறேன். அவர் எண்ணைப் படிக்கிறார். அகஸ்டஸ் காலத்துக் காசு எட்டு கிராமை ஒட்டி வந்தது. நீரோவின் பிற்காலத்துக் காசுக்கு வந்ததும் ஏழே கால். தராசு கெட்டுவிட்டதா என்று கேட்டார். கெட்டது தராசு இல்லை, நீரோ ஒரு ராத்தல் தங்கத்தில் நாற்பது காசு அடித்துக்கொண்டிருந்ததை நாற்பத்தைந்தாக்கிவிட்டான் என்றேன். “அப்பவே ஆரம்பிச்சுட்டாங்களா” என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

காலையிலிருந்து மாலை வரை நூற்று நாற்பது பேரரசர்கள். முதுகு விட்டுப்போச்சு.

மார்ச் 7, வெள்ளி

பதினொன்றாவது தட்டு, நான்காவது குழி. பெர்டினாக்ஸ்.

இடுக்கியால் தூக்கும்போதே தெரிந்துவிட்டது. கை தானாக மேலே போயிற்று. ஏழு கிராமுக்குத் தயாராயிருந்த விரல்களுக்கு ஒன்றுமே வரவில்லை. தராசில் வைத்தேன். மூன்றரை கிராம். அதிகாரி இரண்டு தரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.

தங்க முலாம் பூசிய நகல். பச்சைத் துணியில், சரியான சீட்டின்மேல், அழகாக உட்கார்ந்திருந்தது.

இயக்குநர் ஓடிவந்தார். அதிகாரி காசை ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்தார். சரிபார்ப்புப் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். வருடத்துக்கு ஒரு டிக், டிக்குக்குப் பக்கத்தில் என் கையெழுத்து. என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 8, சனி

இவரிடம் சொன்னேன். ஒளிக்க முடியாது, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதாம். யாருடைய காசு என்று கேட்டார். பெர்டினாக்ஸ் என்றால் யார்? துணி மடித்துக்கொண்டே கதை சொன்னேன்.

அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவனின் மகன். பிழைப்புக்குப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தான். சம்பளம் கட்டுபடியாகவில்லை, படையில் சேர்ந்தான். நாற்பது வருடம் எல்லை எல்லையாக அலைந்து, தளபதியாகி, ஆளுநராகி, கடைசியில் பழைய பேரரசனை அவன் வீட்டாட்களே தீர்த்துக்கட்டிய இரவில் இவனைக் கூப்பிட்டு நீ உட்கார் என்றார்கள். அப்போது வயது அறுபத்தாறு.

“அறுபத்தாறு வயசுல புது வேலைக்குப் போனா விளங்குமா” என்றார் இவர்.

விளங்கவில்லை. செலவைக் குறைத்தான், காசில் கலப்படத்தைக் குறைத்தான், காவல்படைக்கு ஒழுங்கு சொன்னான். காவல்படைக்கு ஒழுங்கு சொன்னால் என்ன ஆகும்? இருநூறு முந்நூறு பேர் வாளோடு அரண்மனைக்குள் நுழைந்தார்கள். பின்வழியாக ஓடியிருக்கலாம். ஓடாமல் வெளியே வந்து அவர்களோடு பேசினான். பாதிப் பேர் தலை குனிந்து வாளை உறையில் போட்டார்களாம். ஒருவன் போடவில்லை. அதோடு சரி. பிறகு அந்தக் காவல்படை தன் முகாம் மதிலில் நின்று பேரரசையே ஏலம் விட்டது. சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆண்டது எண்பத்தேழு நாள். தொலைந்த காசின் பின்பக்கத்தில் பொறித்திருப்பது, பத்தாண்டு ஆட்சிக்காக அவன் தெய்வங்களுக்கு நேர்ந்துகொள்ளும் காட்சி.

இவர் சிரித்தார். சிரிப்பு இடது பக்கம் மட்டும்தான் வருகிறது. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

விசாரணை. அதிகாரியின் கேள்விகள் ஒழுங்காகவே இருந்தன. நாணய அறைச் சாவி யார் யாரிடம் இருந்தது? என்னிடம். நகல் செய்த காலத்தில் அச்சு அண்ணாவிடமும் ஒன்று. அச்சு அண்ணா யார்? அருங்காட்சியகத்தின் அச்சு வார்ப்பாளர். சிலை, கல்வெட்டு, நாணயம் எதைக் கொடுத்தாலும் அச்செடுத்து நகல் வார்ப்பார். ஓய்வு பெற்று ஆறு வருடம். எல்லாரும் அச்சு அண்ணா என்றுதான் சொல்வோம்.

பார்வையற்றோர் பள்ளிக்காகப் பன்னிரண்டு பொற்காசுகளுக்கு நகல் செய்து பெட்டியில் கொடுத்தோம் என்றேன். அந்தப் பிள்ளைகள் காட்சிக் கண்ணாடியைத் தடவி என்ன செய்வார்கள்? தொட்டுப் பார்க்கட்டும் என்று செய்தது. அதில் பெர்டினாக்ஸும் ஒன்று. ஒன்பது வருடம் ஆகிறது.

அதிகாரி ‘அச்சு வார்ப்பாளர்’ என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

மார்ச் 13, வியாழன்

லிஃப்ட் ஓடுகிறது. ஏறப் பிடிக்கவில்லை, படியிலேயே போனேன். யாரும் என்னோடு பேசுவதில்லை. பேசினாலும் வானிலை.

மார்ச் 17, திங்கள்

அதிகாரியின் அலுவலகத்திலிருந்து பள்ளிக்குப் போன் செய்து பெட்டியில் எத்தனை இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு. தாடிக்காரக் கிழவர், அதாவது பெர்டினாக்ஸ், இருக்கிறாரா? இருக்கிறார். ஆக, நம் தட்டில் இருந்தது பதின்மூன்றாவது நகல். இரண்டாம் முறை ஒருவர் திருட்டுத்தனமாக வார்த்திருக்கிறார். வார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

சுத்தமான கணக்கு. எனக்கே ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

வாக்குமூலம் கொடுத்தேன்.

கொடுத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அதிகாரி எழுதி வைத்திருந்தார், நான் படித்தேன். ‘நகல் செய்த காலத்தில் மேற்படி நாணயம் இரண்டு நாட்கள் வார்ப்பாளரின் பொறுப்பில் தனியாக இருந்தது. அறையின் மாற்றுச் சாவியும் அவரிடம் இருந்தது. நாணயம் திரும்ப வந்தபோது எடை போடப்படவில்லை.’ இதில் பொய் ஒரு வரிகூட இல்லை. அதுதான் அதன் சாமர்த்தியம்.

“இது போதும் மேடம். இதுக்கு மேல உங்களை அலைய விட மாட்டேன்” என்றார். மணி நாலேகால். நாலரைக்கு இவருக்கு மாத்திரை. ஆறு நாளாக ஒரே கேள்வி, ஒரே நாற்காலி, ஆறிப்போன காபி. அலுத்துப் போச்சு. யாராவது இதை என் தலையிலிருந்து இறக்கி வேறு எங்கேயாவது வைத்தால் போதும் என்றிருந்தது.

கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

அச்சு அண்ணா வீட்டில் இன்று காலை சோதனை.

இயக்குநரின் ஓட்டுநர்தான் வந்து சொன்னார், ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது அவர் வண்டி. மூன்று அதிகாரிகள், இரண்டு போலீஸ். அண்ணா தானே கதவைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டு, காகிதத்தை வாங்கிப் படித்தாராம். கீழே என் கையெழுத்து இருந்திருக்கும். வேலை மேசையையும் அலமாரியையும் தானே திறந்து காட்டி ஒதுங்கி நின்றாராம். நாற்பது வருடத்து அச்சுகளை மூன்று சாக்கில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டர் அச்சு, சாக்கில். எதிர்வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்திருந்ததாம்.

“அவர் சம்சாரம்தான் அழுதாங்க. அவர் அழல” என்றார் ஓட்டுநர்.

அண்ணாவுக்கு அறுபத்தொன்பது வயது. ஏன்டி இப்படிப் பண்ணினே என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும், ஆனால் இவர் கேட்கவில்லை.

மார்ச் 26, புதன்

அரக்கு முத்திரையைப் பிரித்துப் புதிதாக வைக்க வேண்டும், சாட்சிக்கு நான் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். உறையைப் பிரித்ததும் இடுக்கியை நீட்டினார் அதிகாரி. வேண்டாம் என்று விரலால் எடுத்தேன். நகல்தானே.

விளிம்பில், கழுத்துக்கு நேர் கீழே, அரத்தால் இழுத்த ஒரு சின்னக் கோடு. நகம் மாட்டுகிற அளவு.

அது அச்சு அண்ணாவின் அடையாளம். எந்த நகலானாலும் கடைசியில் அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுப்பார். ஏனண்ணா, நன்றாக வந்ததைக் கெடுக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். “நாளைக்கு எவனாவது இதை அசல்னு வித்துடக் கூடாதும்மா” என்றார்.

திருடி, அதன் இடத்தில் வைக்க ஒரு நகல் செய்கிறவன் அந்தக் கோட்டை இழுப்பானா? பதின்மூன்றாவது என்று ஒன்று கிடையவே கிடையாது. இது அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அப்படியானால் பெட்டியில் பன்னிரண்டாவதாக இருப்பது எது?

வாய் திறக்கவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு கையெழுத்து.

மார்ச் 28, வெள்ளி

பெர்டினாக்ஸைக் கொன்ற நாள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நேற்றும் இன்றும் பழைய காகிதங்களோடு மல்லுக்கட்டினேன். மூன்று காகிதங்கள் கிடைத்தன.

முதலாவது, ஒன்பது வருடத்துக்கு முந்தைய அறைப் பதிவேடு. பள்ளிப் பெட்டியோடு போகும் விளக்கப் புத்தகத்துக்காக அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்திருக்கிறேன். ‘எடுத்தது: 11.10’ என் கையெழுத்து. ‘திரும்ப வைத்தது’ என்ற கட்டம் காலி. அது கடைசிக் காசு, பதினொன்றாவது தட்டு, நான்காவது குழி.

இரண்டாவது, என் நாட்குறிப்பு, அதே தேதி. ஒரே வரி: ‘மருத்துவமனை. அச்சு அண்ணா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார்.’

இவர் அலுவலகத்தில் விழுந்துவிட்டதாகப் போன் வந்த நாள் அது. அந்த நாளும் படமெடுத்த நாளும் ஒன்று என்று இத்தனை வருடமும் எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று என் வீட்டில் நடந்தது, இன்னொன்று அலுவலகத்தில். இப்போது எவ்வளவு யோசித்தாலும் மேசையில் இரண்டு காசும் இருந்ததுதான் ஞாபகம் வருகிறது. எதை எங்கே வைத்தேன்? வைத்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறேன். அறையைப் பூட்டியிருக்கிறேன். மறுநாள் பெட்டி பள்ளிக்குப் போய்விட்டது. நான் வார்டில் இருந்தேன். அண்ணாவும் மூன்று நாள் அங்கேதான் இருந்தார், வராந்தா பெஞ்சில்.

மூன்றாவது ஒரு கடிதம். ஆறு வருடத்துக்கு முன் பள்ளி வரலாற்று ஆசிரியை எழுதியது, தட்டச்சில். ‘தாங்கள் அனுப்பிய பன்னிரண்டில் ஒன்று மற்றவற்றைவிட இரண்டு மடங்கு கனமாக உள்ளது. தவறுதலாக வேறு உலோகத்தில் செய்திருப்பீர்களோ? பார்த்துச் சொல்லவும்.’ கூடவே என் பதிலின் படி. ‘அனைத்து நகல்களும் ஒரே உலோகத்தில் செய்யப்பட்டவை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’

அந்தப் பதிலை எழுதியது நான். அந்தக் கடிதத்தைப் படித்ததாகக்கூட நினைவில்லை.

சாயங்காலம் இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வாக்குமூலத்தையும். முழுக்கக் கேட்டுவிட்டு, “என் மேல போட்டுடு. அன்னைக்கு விழுந்தது நான்தானே” என்றார். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. “திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் போ” என்றார்.

மார்ச் 31, திங்கள்

போனேன்.

வரலாற்று ஆசிரியைக்கு நாற்பது வயதிருக்கும். அவரும் பார்வையற்றவர். யார் என்று சொன்னதும், “அந்தப் பதில் போட்டவங்களா” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார்.

பதினொன்று சாம்பல் நிறமாகிவிட்டன. முலாம் போய், உள்ளே இருந்த வெள்ளை உலோகம் எட்டிப் பார்த்தது. ஒன்று மட்டும் மஞ்சளாக இருந்தது. இது மட்டும் மங்கவே இல்லை, நல்ல வேலைப்பாடு என்று பள்ளி எழுத்தர் சொல்வாராம். பார்க்கத் தெரிந்தவர்களின் லட்சணம் இது. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

கையில் வாங்கினேன். வெறும் கையில். ஏழு கிராம் என்பது இவ்வளவு கனமா? முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொற்காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. தாடியின் சுருள்களில் பாதி இல்லை. மூக்கு மழுங்கியிருந்தது. விளிம்பில் நாலைந்து இடத்தில் நசுங்கல், தரையில் விழுந்த அடையாளம். பின்பக்கத்தில் நேர்ந்துகொண்டு நின்ற உருவம், நிற்கிறது என்று தெரியும் அளவுக்கு மட்டும்.

“எல்லாருக்கும் இந்தத் தாத்தாவத்தான் பிடிக்கும். முதல்ல இதத்தான் கேப்பாங்க. தாடி நல்லாத் தெரிஞ்சுது, இப்பக் கொஞ்ச வருஷமாத் தெரியல” என்றார் ஆசிரியை. அது அசல் என்று சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, “அப்போ நாங்கதான் தேச்சுட்டோமா” என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் வந்து சேரும்வரை ஆசிரியை பெர்டினாக்ஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். இலக்கண வாத்தியார் என்றதும் ரொம்பச் சிரித்தார்.

ஏப்ரல் 2, புதன்

புது வாக்குமூலம். இந்த முறை நானே எழுதினேன். காசுகளை மாற்றி வைத்தது நான். ஒன்பது வருடம் கையில் எடுக்காமல் சரி என்று கையெழுத்திட்டது நான். எச்சரித்து வந்த கடிதத்துக்குப் படிக்காமல் பதில் போட்டது நான். வார்ப்பாளருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. முந்தைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் நல்ல மனிதராகத் தெரிந்தார். “நாலு மாசம்கூட இல்ல மேடம் உங்களுக்கு. அனுப்பும்போது மாறிப்போச்சுன்னு மட்டும் எழுதினாப் போதும். யாருன்னு எழுத வேண்டியதில்ல. காசுதான் கிடைச்சாச்சே” என்றார்.

அக்கறையோடுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றதற்குத் துணிச்சல் காரணமில்லை. ‘யாரோ’ என்று எழுதினால் அந்த யாரோ கொஞ்ச காலம் அச்சு அண்ணாவின் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருப்பான். அதோடு, மறுபடி ஒன்றை ஞாபகம் வைத்துக்கொண்டு அதற்கேற்றபடி பேசிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 9, புதன்

உத்தரவு வந்தது. நாணய அறைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பு. ஓய்வூதியத்தில் ஒரு பகுதி நிறுத்திவைப்பு. மீதி நாட்களுக்குத் தரைத்தளத்தில் நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. படி ஏற வேண்டாம்.

அண்ணாவுக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறதாம். இரண்டு வரி. சந்தேகத்துக்கு ஆதாரமில்லை, கைப்பற்றிய பொருட்களைப் பெற்றுக்கொள்ளலாம். வருந்துகிறோம் என்று ஒரு சொல் சேர்க்கலாமே என்று இயக்குநரிடம் கேட்டேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அச்சு அண்ணா வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரமாக நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தது.

அண்ணி கதவைத் திறந்தார். எப்போதும் தோளைப் பிடித்து உள்ளே இழுப்பவர், இன்று ஒதுங்கி வழி விட்டார். அண்ணா தரையில் உட்கார்ந்து சாக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். உடைந்தது ஒரு பக்கம், உடையாதது ஒரு பக்கம். உடைந்த பக்கம் பெரிதாக இருந்தது. “உட்காரும்மா” என்றார். குரலில் மாற்றம் இல்லை. அது இன்னும் கஷ்டமாயிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, ஸ்கூட்டர், காலிக் கட்டம், விளிம்புக் கோடு, கடிதம். மன்னித்துவிடுங்கள் என்றேன். ஒரு அச்சின் இரண்டு துண்டுகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குக் கையெழுத்துப் போட்டப்போ, நான் எடுத்திருப்பேன்னு நினைச்சியா?”

பொய் சொல்லியிருக்கலாம். குழம்பிப்போயிருந்தேன், எல்லாரும் சொன்னார்கள், அப்படித்தான் தோன்றியது என்று. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லண்ணா. ஒரு நிமிஷம்கூட நினைக்கல.”

அவர் தலையை ஆட்டினார். அதைத்தான் எதிர்பார்த்தவர்போல.

“நினைச்சிருந்தாப் பரவாயில்லம்மா” என்றார். “ஒருத்தர ஒருத்தர் தப்பா நினைச்சுக்கறதுதான்.”

அந்த இரண்டு துண்டும் பொருந்தவில்லை. உடைந்த பக்கம் வைத்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“கிளம்பு. அவருக்கு மாத்திரை நேரம் வந்துடுச்சு.”

ஏப்ரல் 14, திங்கள்

காய்ச்சல் மாதிரி இருக்கிறது. காய்ச்சல் இல்லை.

மே 2, வெள்ளி

நானூற்றுப் பன்னிரண்டும் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. நான் கூடப் போக அனுமதியில்லை. வண்டி கிளம்புவதைத் தரைத்தள ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் என்னிடம் யோசனை கேட்டாள். வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கையில் எடு என்றேன். தேயாதா என்று கேட்டாள். தேயும், பரவாயில்லை என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

மே 20, செவ்வாய்

பள்ளி ஆசிரியை போன் செய்தார். பெட்டியில் தாத்தாவின் குழி காலியாக இருப்பதைப் பிள்ளைகள் தினமும் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்களாம். எங்கள் தட்டில் இருந்த பழைய நகலை அனுப்பச் சொல்லி இயக்குநருக்கு எழுதியிருக்கிறார். அது வழக்கின் சான்றுப்பொருள், தர முடியாது என்று பதில். அதனால் தானே விசாரித்து அச்சு அண்ணாவுக்குப் போன் செய்திருக்கிறார்.

அண்ணா செய்து முடித்துவிட்டாராம். பெர்டினாக்ஸின் அச்சு உடையாமல் கிடைத்திருக்கிறது. இந்த முறை நடுவில் ஈயத்தை அதிகம் வைத்துக் கனமாகவே வார்த்திருக்கிறார், பிள்ளைகள் அந்தக் கனத்துக்குப் பழகிவிட்டார்கள் அல்லவா. பணம் வேண்டாம் என்றுவிட்டாராம். ஒரே ஒரு நிபந்தனைதான். வாங்கிப்போக யார் வேண்டுமானாலும் வரலாம், அருங்காட்சியகத்திலிருந்து அந்தம்மா மட்டும் வர வேண்டாம்.

ஆசிரியை அதைச் சொல்லத் தயங்கினார். நான் சரி என்றேன். நியாயம்தான் என்றேன். ஆசிரியை, தானே போய் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, வழி மட்டும் கேட்டார்.

சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்துக்கு நேரே நடக்க வேண்டும், ஐம்பது அடி. மரப்பட்டறை சத்தம் கேட்கும், அங்கே வலது கைப்பக்கம் திரும்ப வேண்டும். சாக்கடை மூடி ஒன்று ஆடும், பயப்பட வேண்டாம். அதற்கப்புறம் மூன்றாவது வாசல், இரும்புக் கதவு, தாழ்ப்பாள் உள்பக்கம், கையை விட்டுத் திறந்துகொள்ளலாம். ஏழு படி. பிடி இடது பக்கம். மணி வேலை செய்யாது, தட்டத்தான் வேண்டும். அண்ணா பட்டறையில் இருந்தால் காது கேட்காது, கொஞ்சம் பலமாகத் தட்டுங்கள்.

இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்களே, அடிக்கடி போவீர்களா என்று கேட்டார்.